மெடிக்கலில் விழுந்தவர்களுக்காக யார் பேசுவது?



"மெடிக்கல்ல விழுந்துட்டா" என்ற பேச்சு லயத்திலும் உண்டு, வன்னியிலும் உண்டு. குவைத், கட்டார், சவூதி என்று புறப்பட்டவர் கொழும்பில் இரத்தம் கொடுத்து, "தகுதியில்லை" என்ற தாளோடு ஊர் திரும்பினால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. ஏன் விழுந்தார் என்று யாரும் உரக்கக் கேட்பதில்லை. பீலிக்கரையில் மெதுவாகக் கேட்பார்கள். அந்த மெதுவான பேச்சு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

வளைகுடா நாடுகளுக்கான பரிசோதனையில் தேடப்படும் நோய்களில் வாழ்நாள் முழுவதும் உடலில் தங்கக்கூடிய வைரஸ்கள் மூன்று: எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி. இவற்றில் ஒன்று இருந்தாலும் பயணம் இல்லை. அந்த ஆள் திடகாத்திரமாக இருக்கிறாரா, நேற்றுவரை இருபது கிலோ கொழுந்து எடுத்தாரா என்று அங்கே பார்ப்பதில்லை. நம் பெண்களில் பலர் தமக்கு ஹெப்படைட்டிஸ் பி இருப்பதை முதன்முதலாக அறிவதே இந்தத் தாளில்தான். ஆலோசனை இல்லை, விளக்கம் இல்லை. அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வரவேண்டியதுதான்.

நான் படிப்பிப்பது தோட்டப் பாடசாலையில். பிறந்த ஊர் நெடுங்கேணி. தோட்டத் தொழிலாளர் பத்திரிகையில் நெடுங்கேணிக்கு என்ன வேலை என்று இளையவர்கள் கேட்கலாம். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகும், எழுபதுகளின் தோட்டப் பட்டினிக்குப் பிறகும் கூடையைக் கழற்றிவிட்டு வன்னிக் காட்டுக்கு வந்தவர்கள் நம் சொந்தங்கள். கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்ற பெயர்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1984இல் அங்கிருந்தும் துரத்தப்பட்டார்கள். இன்றும் நெடுங்கேணியில் கச்சான் பிடுங்கவும் நெல் வெட்டவும் போகிற பெண்ணும், தலவாக்கலையில் பிரட்டுக்குப் போகிற பெண்ணும் ஒரே பாட்டியின் பேத்திகளாக இருப்பார்கள். வெளிநாடு அனுப்பும் ஏஜென்டும் பல வேளை ஒரே ஆள்தான்.

கடந்த விடுமுறையில் நெடுங்கேணியில் பெண்கள் சிலருடன் கூடிப் பேசியபோது ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றித் தருகிறேன். வயது முப்பதுக்குள், இரண்டு பிள்ளைகள். ஹெப்படைட்டிஸ் பி காரணமாக மெடிக்கலில் விழுந்தவர். ஏஜென்ட் முற்பணமாகக் கொடுத்த காசை வட்டியோடு கேட்கிறான். கொடுக்கும்வரை கடவுச்சீட்டு தன்னிடம்தான் என்கிறான். கணவன் பிரிந்துபோய்த் தன் தாய் வீட்டில் இருக்கிறார், பிள்ளைகளுக்குக் காசு தருவதில்லை. முன்பள்ளியில் "கொஞ்ச நாள் பிள்ளையை அனுப்பாதீங்க" என்றிருக்கிறார்கள். வழமையாகக் கூலிக்குக் கூப்பிடும் தோட்டக்காரர் இப்போது கூப்பிடுவதில்லை. குடியிருக்கும் காணியின் அனுமதிப்பத்திரம் மாமனார் பெயரில், இறங்கிப் போகச் சொல்லி நெருக்கடி.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் கேட்டது இதுதான்: "அந்தக் காசைக் கட்டத்தான் வேணுமா, டீச்சர்?"

சட்டக் கேள்வி என்று அவர் நினைத்தது அந்த ஒன்றை மட்டுமே. மற்றதெல்லாம் அவருக்குத் தலைவிதி, குடும்ப விஷயம், ஊர் வாய். நான் எண்ணிப் பார்த்தேன்: ஆறு. ஆறும் சட்டத்தோடு தொட்டவை.

கடவுச்சீட்டு அரசாங்கத்தின் சொத்து, அதை அடகுப் பொருளாக வைத்திருக்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை இல்லை. ஏஜென்ட் பதிவுபெற்றவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் முறைப்பாடு செய்யலாம். பதிவில்லாதவர் என்றால் 1985இன் 21ஆம் இலக்கச் சட்டப்படி அவர் தொழில் நடத்துவதே குற்றம். முற்பணத்தில் எவ்வளவு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது கையெழுத்திட்ட தாளைப் பொறுத்தது. அந்தத் தாளின் பிரதி அவரிடம் இல்லை. என்ன மொழியில் இருந்தது என்று கேட்டேன். "நம்ம மொழி இல்ல" என்றார்.

கணவன் விவாகரத்துக் கேட்பேன் என்று மிரட்டுகிறாராம். நம் பொதுச் சட்டப்படி விவாகரத்துக்குக் காரணங்கள் மூன்றே: பிறர்மனைத் தொடர்பு, தீய எண்ணத்துடன் கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. இரத்தத்தில் வைரஸ் இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை. சொல்லப்போனால் கைவிட்டுப் போனவர் கணவன்தான். 1999இன் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி தனக்கும் பிள்ளைகளுக்கும் பராமரிப்புக் கேட்டு அவர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அடி உதை இருந்தால் 2005இன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளையும் உண்டு.

காணி சிக்கலானது. மாமனார் உயிரோடு இருக்கும்போது மருமகளின் கை தாழ்ந்தே இருக்கும். ஆனால் அனுமதிப்பத்திரம் கணவனின் பெயரில் இருந்து, அவர் இறந்திருந்தால் கதையே வேறு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆண் பிள்ளைக்கே முதலிடம் தந்த பழைய பின்னுரித்து வரிசை 2022இல் திருத்தப்பட்டு ஆணும் பெண்ணும் சமமாக்கப்பட்டார்கள். இது நெடுங்கேணியில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரதேச செயலகம் ஊருக்குள்ளேயேதான் இருக்கிறது.

கூலிக்குக் கூப்பிடாத தோட்டக்காரரைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி இல்லை. நாள்கூலிக்காரரை நாளை கூப்பிடு என்று கட்டளையிடும் சட்டம் நம்மிடம் இல்லை. முன்பள்ளி விஷயத்துக்குப் பின்னர் வருகிறேன்.

இப்படி ஒருவரின் வாழ்க்கையில் எங்கெங்கே சட்டம் தொடுகிறது, அதை அவர் சட்டம் என்று அறிகிறாரா, அறிந்தால் யாரிடம் போகிறார், போனால் என்ன நடக்கிறது என்று முறையாகக் கேட்டுத் தொகுப்பதைத்தான் சட்டத் தேவை ஆய்வு என்கிறார்கள். இங்கிலாந்தில் ஹேசல் ஜென் என்ற சட்டப் பேராசிரியர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடி. அவர் நீதிமன்றப் பதிவேட்டைப் புரட்டவில்லை. சாதாரண மக்களின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, "சட்டப் பிரச்சினை உண்டா" என்று கேட்காமல், "வீட்டில், வேலையில், கடனில் தீர்க்கக் கடினமான சிக்கல் வந்ததா" என்று கேட்டார். கேள்வியை மாற்றியதும் வழக்கேட்டில் தெரியாத உலகம் தெரிந்தது. பின்னர் அவுஸ்திரேலியாவில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் இதே வழியில் கேட்டு 2012இல் அறிக்கை வெளியிட்டார்கள்.

நமக்கு அருகிலும் உதாரணம் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. உடன் வாழும் குடும்பங்களைப் பற்றி 2006இல் வெளிவந்த ஆய்வில், கணவனை இழந்த பெண்களில் 79 சதவீதத்தினர் கணவனின் சொத்தில் தமக்குப் பங்கு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு எழுபத்தொன்பது! இந்த எண் வருவதற்கு முன் எல்லோரும் மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்தை விழுங்கிவிட்டு அந்தப் பெண் எந்தக் கூரையின் கீழ் படுப்பது என்பதும் உயிர்ப் பிரச்சினை என்று அந்த எண் சொன்னது.

நம் தோட்டங்களில் டிசம்பர் 1இல் எயிட்ஸ் தினக் கருத்தரங்கு நடக்கும். ஒரு பணிஸ், ஒரு கோப்பை பிளேன்ரீ, பதாகை பிடித்துப் படம். நோய் எப்படிப் பரவும் என்று ஐயா வந்து சொல்வார். பரவிய பின் ஈ.பி.எப். காசை எப்படி எடுப்பது என்று எந்த ஐயாவும் இதுவரை சொன்னதில்லை.

தொழிற்சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக பம்பாய்க் கதை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் அன்றாடக் கூலியாக, பெயர்ப்பட்டியலில் முறைவந்தால் வேலை என்ற நிலையில், எண்பதுகளிலிருந்து உழைத்த ஒருவர். நம் பாஷையில் கைக்காசு ஆள். நிரந்தரமாக்கும் முறை வந்தபோது இரத்தம் சோதித்தார்கள். எச்.ஐ.வி. இருந்தது. வேலை செய்யும் உடல்தகுதி இருந்தும் பட்டியலிலிருந்து பெயரை வெட்டினார்கள். நிரந்தரமும் போயிற்று, இருந்த கூலியும் போயிற்று.

அவர் பம்பாய் உயர்நீதிமன்றம் போனார். அங்கே முதலில் கேட்டது வேலையை அல்ல, பெயரை மறைக்கும் அனுமதியை. அதனால் அந்த வழக்கின் பெயரே "எம்.எக்ஸ். எதிர் இசட்.வை.". தொழிலாளியின் பெயரும் இல்லை, நிறுவனத்தின் பெயரும் இல்லை. 1997இல் தீர்ப்பு வந்தது. வேலையைச் செய்யும் தகுதி உள்ளவரை, சக தொழிலாளருக்கு உண்மையான ஆபத்து இல்லாதவரை, எச்.ஐ.வி. என்ற ஒரே காரணத்துக்காக வேலையை மறுக்கமுடியாது என்றது நீதிமன்றம். அவரை மீண்டும் பட்டியலில் சேர்க்கவும், இழந்த கூலிக்காக 40,000 இந்திய ரூபா கொடுக்கவும் உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்பில் எனக்குப் பெரிதாகப் படுவது தொகையல்ல, அந்த இரண்டு எழுத்துக்கள். உரிமை கேட்க வருகிறவன் முதலில் ஊர் முன்னால் நிர்வாணமாக நிற்கவேண்டும் என்றால் யார் வருவார்? அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் நின்றுதான் ஒரு கூலித் தொழிலாளி பெரிய நிறுவனத்தை எதிர்த்து வென்றார். அதே நாட்டில் எட்டு ஆண்டுக்கு முன், 1989இல், கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் இரத்ததானம் செய்யப்போய் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டு, பொதுச் சுகாதாரச் சட்டத்தின் பெயரால் பழைய காசநோய் வைத்தியசாலையில் 64 நாட்கள் பூட்டிவைக்கப்பட்டார். அவர் பெயர் நாடெங்கும் தெரிந்தது. சட்டம் காவலாகவும் வரும், விலங்காகவும் வரும். கொரோனா காலத்தில் அடக்கம் செய்ய அனுமதிக்காமல் எரிக்கப்பட்ட உடல்களை நாமும் இந்த நாட்டில் பார்த்தோமே.

இந்தியா இறுதியில் 2017இல் எச்.ஐ.வி.க்கென்றே ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2018 செப்டெம்பர் 10இல் அது நடைமுறைக்கு வந்தது. வேலைக்கோ படிப்புக்கோ முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கக்கூடாது. சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியிடக்கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் முறைப்பாட்டு அதிகாரி ஒருவர் இருக்கவேண்டும். நல்ல சட்டம். ஆனால் அதில் ஹெப்படைட்டிஸ் இல்லை. நெடுங்கேணிப் பெண் அந்த நாட்டில் இருந்திருந்தாலும் அந்தச் சட்டம் அவருக்கு உதவியிருக்காது.

நம் நாட்டில் அப்படி ஒரு தனிச்சட்டமே இல்லை. தொழில் அமைச்சின் கொள்கை உண்டு, சர்வதேச தொழில் அமைப்பின் 2010ஆம் ஆண்டின் 200ஆம் இலக்கப் பரிந்துரை உண்டு. இரண்டையும் துரை மேசையில் வைத்தால் அவர் வாசித்துவிட்டுத் தேநீர் தருவார். கட்டாயப்படுத்தும் பல் அவற்றுக்கு இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரசாங்கத்தின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம். தோட்டக் கம்பனி தனியார். அதுவும் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. இந்த ஒரு வரியை ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மனப்பாடம் செய்யவேண்டும். பலர் நம்மிடம் வந்து சேரும்போது அந்த ஒரு மாதம் ஓடியிருக்கும்.

வேலைநீக்கம் என்றால் இரண்டு கதவுகள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், கடந்த பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், அவர் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிறுத்தமுடியாது. இது 1971இன் 45ஆம் இலக்கச் சட்டம். மற்றது தொழில் நியாயசபை, ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். இரண்டிலும் கைக்காசு ஆட்களின் நிலை பலவீனமானது. இன்று தோட்டங்களில் பதிவு குறைந்து கைக்காசு கூடிவருகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பம்பாய்த் தொழிலாளியைப் போன்றவர்கள் நம்மிடம் பெருகிக்கொண்டே போகிறார்கள்.

இனி, ஆசிரியை என்ற முறையில் என்னை விட்டுப் போகாத வழக்கு. 2016இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன். தந்தை இறந்துவிட்டார். எயிட்ஸால் இறந்தார் என்று ஊர் சொன்னது, பிள்ளைக்கும் உண்டு என்றது. பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. சேர்த்த இடத்தில் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வெளியே எடுத்தார்கள். கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. விஷயம் உயர் நீதிமன்றம் போய், அந்த ஆண்டு ஏப்ரலில், எச்.ஐ.வி. உடன் வாழும் பிள்ளைகளினதும் அதனால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளினதும் கல்வி உரிமையையும் மனித கண்ணியத்தையும் அரசாங்கம் காக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

அந்தச் சிறுவனுக்கு எச்.ஐ.வி. இருக்கவில்லை. அப்போது அவனுக்காகப் பேசிய நல்ல மனிதர்கள் பலரும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: "பாவம், அவனுக்கு நோய் இல்லையே!" நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். நோய் இருந்திருந்தால் துரத்தியது சரியா? "அவனுக்கு இல்லை" என்று நிரூபித்து ஒரு பிள்ளையை உள்ளே எடுத்தால், உண்மையில் இருக்கும் அடுத்த பிள்ளை வாசலிலேயே நிற்கும். நீதிமன்றம் அந்தப் பொறியில் விழவில்லை. இருப்பவர், பாதிக்கப்பட்டவர் இருசாராரையும் சேர்த்தே சொன்னது. நம் ஆசிரியர் அறைகளில் இந்தத் தீர்ப்பைப் பற்றிக் கேட்டால் சிறுவனின் கதை தெரியும், தீர்ப்பு தெரியாது.

நெடுங்கேணி முன்பள்ளிக்கும் இதுவே விடை. அந்தத் தாயிடம் பிள்ளையின் இரத்த அறிக்கை கொண்டுவரச் சொல்வதே தவறு. அதற்கு மேல், நம் நாட்டின் பிள்ளைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெப்படைட்டிஸ் பி ஊசி 2003இல் சேர்க்கப்பட்டது. அந்த வகுப்பில் இருக்கும் சின்னதுகள் ஊசி போட்டுக்கொண்டவர்கள். தட்டம், கோப்பை, கழிப்பறை, கொசு, தும்மல் எதிலும் இது பரவாது. வழிகள் இரத்தம், உடலுறவு, தாயிலிருந்து பிள்ளை. எச்.ஐ.வி.க்கு அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். ஒழுங்காக எடுத்து வைரஸ் கண்டுபிடிக்கமுடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம்கூடப் பரவுவதில்லை. தாயிலிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பே இலங்கைக்குச் சான்று கொடுத்தது. ஹெப்படைட்டிஸ் சி இப்போது சில மாத மாத்திரையில் பெரும்பாலானோருக்கு முற்றாகக் குணமாகிறது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. பீலிக்கரைப் பேச்சு மட்டும் எண்பதுகளில் நிற்கிறது.

இந்த நாட்டில் அந்த மருந்து இலவசமாக வந்ததும் தானாக வந்ததல்ல. கமலிகா அபேரத்ன என்ற குழந்தை வைத்திய நிபுணர், 1995இல் விபத்தொன்றில் சிக்கி ஏற்றப்பட்ட இரத்தத்தால் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானவர். அதை மறைக்காமல் வெளியே சொல்லி, இறக்கும்வரை, 2004 வரை, எல்லோருக்கும் மருந்து கேட்டுப் போராடினார். அவர் படித்தவர், கொழும்பில் மதிப்புள்ளவர், அதனால் முகம் காட்ட முடிந்தது. லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருப்பவரிடம் நீயும் முகத்தைக் காட்டு என்று கேட்க எனக்கு மனமில்லை. கேட்கும் உரிமையும் நமக்கில்லை.

சென்ற மாதம் ஒரு தலைவர் என்னிடம் சொன்னார்: "சம்பளப் பிரச்சினையே முடியல டீச்சர், இதுக்கெல்லாம் எங்க நேரம்?" அவரிடம் நான் ஒன்று மட்டும் கேட்டேன். கிளினிக் நாளில் ஒருவருக்கு எத்தனை பேர் போகிறது? மாதம் ஒரு நாள் வைத்தியசாலைக்குப் போகிறவர் அந்த நாளின் சம்பளத்தை இழக்கிறார், வருகை குறைகிறது. சுகவீன லீவு கேட்டால் துண்டு காட்டவேண்டும். துண்டில் கிளினிக்கின் பெயர் இருக்கும், சில சமயம் நோயின் பெயரே இருக்கும். அது கங்காணி கையால் கணக்கப்பிள்ளையிடம், கணக்கப்பிள்ளை கையால் ஒபீசுக்குப் போகும். அந்திக்குள் மூன்று டிவிசனுக்கும் செய்தி போய்விடும். அதனால் பலர் துண்டு கொடுப்பதில்லை, பெயரை இழக்கிறார்கள். கொஞ்ச நாளில் கிளினிக்கையே நிறுத்துகிறார்கள். இது சம்பளப் பிரச்சினை இல்லையா? "சிகிச்சைக்கு வந்தார்" என்று மட்டும் எழுதிய, நோயோ கிளினிக்கோ சொல்லாத துண்டை ஏற்கச் செய்வது சட்டம் மாற்றாமலே நாளையே துரையிடம் கேட்கக்கூடிய கோரிக்கை.

ஆகவே என் யோசனை: சங்கம் இந்த ஆண்டு ஒரு சட்டத் தேவை விசாரிப்பை நடத்தவேண்டும். தோட்டப் பகுதிகளிலும், நம் உறவுகள் இருக்கும் வன்னிக் கிராமங்களிலும் ஒன்றாக. ஆனால் நாம் வழமையாகச் செய்கிற மாதிரி அல்ல. சந்தாப் பட்டியலை எடுத்து வீடுவீடாகப் போய் "யாருக்கு இருக்கு?" என்று கேட்கிற எண்ணம் யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். யாருக்கு நோய் இருக்கிறது என்பது சங்கத்துக்குத் தேவையில்லாத செய்தி. எந்தச் சிக்கல் வந்தது என்பதே தேவை.

இன்னொரு ஆபத்தை நாம் கவனிக்கவேண்டும். இலங்கையில் எச்.ஐ.வி. மிகக் குறைவு, வளர்ந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. இது நல்ல செய்தி. ஆனால் சின்ன இடத்தில் எண்ணே பெயராகிவிடும். "நெடுங்கேணியில் ஒருவர், கணவனை இழந்தவர், மூன்று பிள்ளைகள்" என்று அறிக்கையில் எழுதினால் பெயர் எழுதவே தேவையில்லை, பஸ் தரிப்பிடத்தில் இருப்பவரே சொல்லிவிடுவார். நாற்பது குடும்பம் இருக்கும் டிவிசனும் அப்படித்தான். எனவே ஊர் வாரியாகவோ டிவிசன் வாரியாகவோ எந்த எண்ணும் வெளியே வரக்கூடாது. வயது, பிள்ளைகளின் தொகை எதுவும் கேட்கக்கூடாது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வு செய்ய வருகிறவர்களிடமும் இதைக் கறாராகச் சொல்லவேண்டும். அவர்கள் அட்டவணை அழகாக வரவேண்டும் என்று நினைப்பார்கள். அறிக்கை முடிந்து அவர்கள் போய்விடுவார்கள், நம் ஆட்கள்தான் அதே பீலியில் தண்ணீர் பிடிக்கவேண்டும்.

கேள்வித்தாள் ஒரு பக்கத்தில் அடங்கட்டும். கடந்த இரண்டு ஆண்டில் உடல்நலக் காரணத்தைச் சொல்லி வேலை மறுத்தார்களா, வேலையை மாற்றினார்களா? உங்களைக் கேட்காமல் உங்கள் இரத்தத்தைச் சோதித்தார்களா? உங்கள் நோய்ச் செய்தியை உங்கள் அனுமதியின்றி யாராவது பிறருக்குச் சொன்னார்களா? வைத்தியசாலையில் உங்களைக் கடைசியாகப் பார்த்தார்களா, தனியே வைத்தார்களா? வீட்டிலிருந்தோ காணியிலிருந்தோ போகச் சொன்னார்களா? பிள்ளையைப் பாடசாலையில் மறுத்தார்களா? வெளிநாட்டு ஏஜென்ட் காசு கேட்கிறாரா, கடவுச்சீட்டை வைத்திருக்கிறாரா? ஈ.பி.எப்., சேவைக்காலப் பணம், காப்புறுதி ஏதாவது தடைபட்டதா? அப்போது யாரிடம் போனீர்கள்? யாரிடமும் போகவில்லை என்றால் ஏன்? கடைசிக் கேள்விக்கு நிறைய இடம் விடவேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட அதில்தான் நமக்குத் தெரியாதது இருக்கும்.

தாள் நம் கையால் போகக்கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். சங்கத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் தலைவரின் மனைவியும் அதே பீலிக்குத்தான் போகிறார். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிலும் ஈரல் நோய்க்கு மருந்து எடுக்கும் கிளினிக்குகளிலும் தாதியர் மூலம், அந்த நிலையங்களின் சம்மதத்தோடு தாளைக் கொடுக்கலாம். மெடிக்கலில் விழுந்தவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தர் வழியாகக் கொடுக்கலாம். எழுத முடியாதவர்களுக்கு வாய்மொழியாகக் கேட்க வேறு மாவட்டத்துப் பெண் ஒருவர் வரட்டும். தோட்டத்துப் பெண் வன்னியில் கேட்கட்டும், வன்னிப் பெண் தோட்டத்தில் கேட்கட்டும். மொழி ஒன்று, முகம் புதிது. இந்த ஒரு விஷயத்தில் நம் இடப்பெயர்வு நமக்கு உதவுகிறது.

நிரப்பிய தாள் போடும் பெட்டியின் சாவி சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவரிடம் இருக்கவேண்டும். காரணம், தாளில் உதவி கேட்டு ஒருவர் தானாகவே தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தால், அந்த இலக்கத்தைப் பார்க்கும் முதல் ஆள் தொழில்முறையில் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவராக இருக்கவேண்டும். கேட்டுவிட்டு உதவாமல் போவது கேட்காமல் விடுவதைவிட மோசம். ஒரு மாத அவகாசம், ஆறு மாத அவகாசம் எல்லாம் தாள் பெட்டிக்குள் கிடக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். எனவே பெட்டி வாரத்துக்கு ஒரு தடவையாவது திறக்கப்படவேண்டும்.

நெடுங்கேணிப் பெண்ணுக்குப் பணியகத்துக்கான முறைப்பாட்டை எழுதிக் கொடுத்தோம். கடவுச்சீட்டு இரண்டு வாரத்தில் வந்தது. காசுப் பேச்சு இன்னும் நடக்கிறது. பராமரிப்பு வழக்குப் போடுவதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், அது அவர் முடிவு. அடுத்த மாதம் மாவட்டக் குழுக் கூட்டத்தில் இந்தப் பிரேரணையை மாதர் அணி சார்பில் நான் முன்வைக்கிறேன். எதிர்க்கிறவர்கள் வந்து எதிர்க்கட்டும். பெயர் சொல்லாமல் ஏதாவது எழுத விரும்புகிறவர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பவேண்டாம், கூட்டத்துக்கு முன் கேள்விகளைப் பார்த்து இதை எடு, இதைச் சேர் என்று சொன்னால் போதும். கேள்வித்தாளின் பிரதி தோட்டத் தலைவர்களிடமும், நெடுங்கேணியில் மாதர் சங்கத்திடமும் இருக்கிறது.